வாசலில் நிற்கும் மீனுக்கு என்ன வேலை?

நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கும்படி என் மனைவி ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். அது தெரிந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் இரண்டு மடங்காகச் சொல்லத் தொடங்கிவிட்டேன். இப்போது கேட்கிறவர்களுக்குச் சரியான அளவு போய்ச் சேர்கிறது. ஒரு விரல் நீள மீனுக்கு வேலை போன இந்தக் கதையில் மட்டும் எதையும் கழிக்க வேண்டாம். மீன் நிஜமாகவே ஒரு விரல் நீளம்தான். வேலையும் நிஜமாகவே போயிற்று.

முப்பத்தொரு வருடம் நான் மீன் காட்சியகத்தின் பம்பு அறையில் இருந்தேன். கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத அறை. மேலே சுறா நீந்துவதும் ஆமை சாப்பிடுவதும் என் பன்னிரண்டு பம்புகளின் தயவில்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவந்தேன். சுறாவும் ஆமையும் ஒருநாளும் மறுத்ததில்லை. ஓய்வு பெற்றபோது ஒரு சுவர்க் கடிகாரமும், ஆயுள் முழுக்க இலவசமாக நுழைய ஓர் அட்டையும் கொடுத்தார்கள். கடிகாரம் நின்றுவிட்டது. அட்டை ஓடிக்கொண்டிருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் அங்கேதான் இருப்பேன். ஏழாவது நாள் அவர்களுக்கு விடுமுறை.

போய் உட்காருவது இரண்டாம் மாடியில், ஜோடிக் கூடத்தில். அங்கே ஏழு தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு இனங்கள், ஒன்றை நம்பி ஒன்று குடித்தனம் நடத்தும். பூப்போல விரிந்திருக்கும் கடல் சாமந்தி என்ற பிராணியின் விஷக் கைகளுக்கு நடுவே கோமாளி மீன் மெத்தை போட்டதுபோலப் படுத்திருக்கும். தடித்த களவா மீன் வாயைப் பிளந்துகொண்டு நிற்க, துப்புரவு மீன் உள்ளே போய்ப் பல்லிடுக்கில் இருப்பதையெல்லாம் தின்றுவிட்டு முழுசாக வெளியே வரும். வேறு வேறு இனம் என்பதால்தான் ஒத்துப்போகிறது என்பது என் கட்சி. ஒரே இனத்தைச் சேர்த்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்தில் வேண்டிய அளவு சாட்சியம் உண்டு.

கூடத்தைப் பார்த்துக்கொள்பவள் என் மச்சினி, மனைவியின் தங்கை. பதினான்கு வருடமாக அந்த ஏழு தொட்டிகளுக்கும் தீனி, உப்பு, சூடு, விளக்கு எல்லாம் அவள் கைதான். முழங்கை வரை எப்போதும் ஈரம். அந்த மீன்களிடம் பேசும் குரலில் கால்வாசியை என்னிடம் காட்டியிருந்தால் நான் இன்னும் பத்து வயது குறைவாகத் தெரிவேன்.

ஐந்தாம் தொட்டிதான் விஷயம். அதில் ஒரு சொடுக்கு இறால். ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிசு. அதைச் சொடுக்கினால் வெடி போட்டதுபோலக் கேட்கும், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்பவர் துள்ளிவிடுவார். மகா உழைப்பாளி. மணலில் வளை தோண்டி, சரிந்து விழும் மண்ணைப் பொழுதெல்லாம் வாரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். ஆனால் கண் மங்கல். தன் கொடுக்கு எங்கே முடிகிறது என்பதே அதற்குத் தெரியுமா என்பது சந்தேகம். அதற்காகத்தான் வளையின் வாசலில் ஒரு காவல் மீன். மீன் ஒன்றும் செய்யாது. நிற்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் நீண்ட மீசையை மீனின் உடம்பில் வைத்துக்கொள்ளும், கூட்டத்தில் குழந்தை அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொள்வதுபோல. ஆபத்து என்று தோன்றினால் மீன் வாலை ஓர் உதறு உதறும். அடுத்த நொடி இறால் உள்ளே. பெரிய ஆபத்து என்றால் மீனும் பின்னாலேயே உள்ளே பாயும். வீடு கட்டுவது இறால், கண் வைத்திருப்பது மீன். இருவருக்கும் நடுவே இதுவரை ஒரு வாய்ச்சண்டை வந்ததாகத் தகவல் இல்லை.

அங்கேதான் புது நிர்வாகி வந்து சேர்ந்தார். கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச். யார் எதைச் செய்தாலும் அதை அழுத்திவிடுவார். தும்மினால்கூட எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்வார். அதனால் அவருக்கு ‘நிமிஷம்’ என்று பெயர் வைத்தேன். அவருடைய ஷூவின் குதிகாலில் இரும்பு இருந்ததோ என்னவோ, மூன்றாம் மாடியில் அவர் நடந்தால் அடித்தளத்தில் தூசி உதிரும். கூடவே ஒரு உதவியாளன். நிமிஷம் சொல்வதன் கடைசி இரண்டு வார்த்தையைத் திருப்பிச் சொல்வது அவன் உத்தியோகம். அவன் ‘கார்பன்’.

மனிதர்களையெல்லாம் அளந்து முடித்த பிறகு நிமிஷம் மீன்களுக்கு வந்தார். ஐந்தாம் தொட்டி முன் நாற்காலி போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். இறால் நாற்பத்திரண்டு நடை மண் சுமந்தது. குறித்துக்கொண்டார். மீனைப் பார்த்தார்.

“இது என்ன பண்ணுது?”

“காவல் இருக்குது சார்” என்றாள் மச்சினி.

“எதுக்கு?”

“ஏதாவது வந்து இறாலப் பிடிச்சிடாம இருக்க.”

“தொட்டிக்குள்ள வேற என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார். இவங்க ரெண்டு பேருதான்.”

“அப்ப எதுகிட்டேருந்து காவல்?”

“எதுகிட்டேருந்து காவல்?” என்றான் கார்பன்.

“ஒண்ணும் இல்லன்னு நமக்குத் தெரியும் சார். இறாலுக்குத் தெரியாதே.”

“அதுக்குத் தெரியணும்னு அவசியம் இல்ல” என்று சொல்லி, காகிதத்தில் மீனின் பெயருக்கு நேரே ‘செய்யும் வேலை’ என்ற கட்டத்தில் ‘நிற்றல்’ என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் ஒரு பூஜ்யம். அவ்வளவு வட்டமான பூஜ்யத்தை நான் பார்த்ததில்லை. ஆசையோடு போட்டிருந்தார்.

பிறகு எழுந்து நின்று விஷயத்தைச் சொன்னார். அடுத்த மாதம் இருபத்தோராம் தேதி மேற்பார்வைக் குழு வருகிறது. கண்ணுக்குத் தெரிகிற வேலை நடக்கும் கூடங்களைத்தான் வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் ஜோடிக் கூடம் பொம்மைக் கடையாகும். ஜோடிகளைப் பிரித்து வேறு வேறு ஊர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். மச்சினிக்கு நுழைவாசலில், வருகிறவர்களின் பையும் குடையும் வாங்கிவைக்கும் கவுண்ட்டர்.

“வேல செய்யாதத எடுத்துடுங்க. செய்யறது பளிச்சுன்னு தெரியும்.”

“பளிச்சுன்னு தெரியும்” என்றான் கார்பன். மறுநாள் காலை ஒரு வாளியோடு வந்து, மீனைத் தனிமைத் தொட்டிக்கு என்று சொல்லி எடுத்துப் போனான்.

அன்றிலிருந்து இறால் வெளியே வரவில்லை. வளைக்குள்ளிருந்து மீசை மட்டும் வரும். இந்தப் பக்கம் துழாவும், அந்தப் பக்கம் துழாவும். கையில் ஒன்றும் அகப்படாமல் உள்ளே போய்விடும். வாசலில் மண் சரிந்து மூடியது. இரண்டு நாள் கழித்து மீசையும் வரவில்லை. பார்க்க வந்த ஒருவர் தன் மனைவியிடம், “மணலுக்கா இவ்வளவு விளக்கு?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தார். உள்ளே அது இருக்கிறது என்பதற்கு ஒரே அடையாளம், எப்போதாவது கேட்கும் அந்தச் சொடுக்கு. மச்சினி அதற்காகவே காதைக் கண்ணாடியில் வைத்தபடி நிற்பாள்.

நிமிஷம் இதற்குக் கண்டுபிடித்த தீர்வைக் கேட்டு நான் மூன்று நாள் சிரித்தேன். நாலு நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் மீன்! மோட்டார் வைத்து ஆட்டுவதற்குப் பழைய பம்பு ஆளைக் கூப்பிடுங்கள் என்று என்னையே அழைத்துவிட்டார்.

“பாத்தா உசுரோட இருக்கற மாதிரி இருக்கணும். வால் ஆடிக்கிட்டே இருக்கணும். நிமிஷத்துக்கு அறுபது தடவ.”

வால் ஆடினால் இறாலுக்கு என்ன அர்த்தம் என்பது எனக்குத் தெரியும், மச்சினிக்குத் தெரியும், மூன்று தடவை கூடத்துக்கு வந்துபோன பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். நான் பணிவாக, “எழுதிக் குடுத்துடுங்க சார்” என்றேன். எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அப்படி ஒரு பொறுப்போடு நான் என் வேலைக்காலத்தில்கூட உழைத்ததில்லை. நிமிடத்துக்குச் சரியாக அறுபது. ஆபத்து, ஆபத்து, ஆபத்து என்று அந்த பிளாஸ்டிக் மீன் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை இறாலிடம் முறையிட்டுக்கொண்டே இருந்தது. ஒரே ஒருமுறை மீசை வெளியே வந்து வாலைத் தொட்டது. பிறகு அது எங்கள் நாட்டிலேயே இல்லை என்று தோன்றும்படி உள்ளே போயிற்று.

நான் பெஞ்சில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். மச்சினி வாளியைக் கீழே வைத்தாள்.

“அத்தான், உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. எனக்கு இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு.”

“இல்லம்மா, அந்த ஆளு எழுதியே குடுத்தார்...”

“பதினாலு வருஷம் அத்தான். இனிமே ஈரக் குடைய வாங்கி மாட்டிட்டு டோக்கன் குடுக்கணும். நீங்க அங்கயும் வந்து உக்காந்து சிரிங்க.”

வெட்கம் எனக்கு அபூர்வமாகத்தான் வரும், வந்தாலும் தங்காது. அன்றைக்கு மாடிப்படி முடியும்வரை தங்கியது.

மறுநாள் மோட்டாரைக் கழற்றினேன். மச்சினி துணிந்து நிமிஷத்திடம் போய்ப் பழைய மீனைத் திரும்ப விடலாமா என்று கேட்டாள். மீனை எடுக்கச் சொன்னதே யாரோ என்பது போன்ற முகத்தோடு அவர், “இருந்தா விடுங்களேன். நானா வேண்டாங்கறேன்?” என்றார். கார்பன் அன்றைக்கு முதல்தடவையாகத் திருப்பிச் சொல்லாமல் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசினான்.

“அது செத்துப்போச்சு சார்.”

மச்சினி கூடத்துக்கு வந்து ஐந்தாம் தொட்டியின் விளக்கை அணைத்தாள்.

ஐந்து நாள் கழித்து, பிளாஸ்டிக் மீனைத் திருப்பிக் கொடுத்து ரசீது வாங்க நான் நிர்வாகியின் அறைக்குப் போனேன். வெளி அறையில் கார்பனின் மேஜை. “சார் மீட்டிங்ல இருக்கார், உக்காருங்க” என்றான். உட்கார்ந்தேன். நல்ல குளிர்சாதனம், மெத்து வைத்த நாற்காலி, அன்றைய செய்தித்தாள். கார்பன் கணினியில் சீட்டு அடுக்கிக்கொண்டிருந்தான். மேஜை மேல் உயரமாக அடுக்கிய கோப்புகள். அந்தக் கோப்புகளுக்குப் பின்னால், சாய்ந்து பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி, ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. நாலு விரல்கடை மணல், ஒரு சிப்பி. சிப்பியின் வாசலில் செத்துப்போன மீன் நின்றுகொண்டிருந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் மீன் வாலை ஓர் உதறு உதறிச் சிப்பிக்குள் பாய்ந்தது. அது மறைவதற்கும் கார்பனின் திரையிலிருந்த சீட்டுகள் மறைவதற்கும் இடையே இடைவெளியே இல்லை. ஒரு கோப்பு திறந்தது, பேனா கைக்கு வந்தது, நெற்றி சுருங்கியது. அதற்கும் பிறகுதான் எனக்கே கேட்டது: டக், டக், டக். நிமிஷம் வந்தார். கார்பனின் சுருங்கிய நெற்றியைப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்துவிட்டு, இன்னொரு காகிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். சத்தம் தேய்ந்தது. மீன் வெளியே வந்தது. சீட்டும் வெளியே வந்தது.

“செத்துப்போனது நல்லா இருக்கே” என்றேன்.

“ஐயோ, மெதுவா பேசுங்க சார்!” அவன் முகம் வெளுத்தது. “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நானும் மனுஷந்தானே? காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் அவர் சொல்றதையே சொல்லணும். நடுவுல அஞ்சு நிமிஷம் என் தலைய எனக்கே விட்டுவைக்கணும்னா, அவர் வர்றத முன்னாடியே சொல்ல ஒரு ஆளு வேணாமா? இது சொல்லுது சார். அவர் லிப்டுல ஏறும்போதே சொல்லுது!”

“அங்க ஒரு பொம்பளயோட பொழப்பு போகப்போகுது.”

“தெரியும் சார். எனக்கும் தூக்கம் வரல.” குரலைத் தாழ்த்தினான். “ஆனா இது இல்லாம நான் எப்படி சார் இருப்பேன்?”

பாருங்கள், நிலைமையை. இரண்டாம் மாடி இறால் என்ன கேட்டதோ அதையேதான் மூன்றாம் மாடி இறாலும் கேட்டது. ஒரே மீன், இரண்டு வளை. நான் நாற்காலியின் மெத்தையை அழுத்திப் பார்த்தேன். செய்தித்தாளைப் பார்த்தேன். மூலையில் தேநீர் எந்திரம் ஒன்றும் இருந்தது.

“தம்பி, ரெண்டு மாடிக்குக் கீழ பம்புல பேரிங் தேஞ்சா கூடத்துப் பெஞ்சுலேருந்தே சொல்லிடுவேன், தெரியுமில்ல? அந்தக் காது அப்படியேதான் இருக்கு. மீனக் குடுத்துடு. நான் இந்த நாற்காலில உக்காந்துக்கறேன். அவர் வந்தா இருமறேன்.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். “தெனமுமா?”

“வாரத்துக்கு ஆறு நாள். டீல சக்கர கம்மியா.”

அப்படித்தான் பத்தொன்பதாம் தேதி காலை மீன் பழைய இடத்துக்கு வந்தது. மச்சினி அதைப் பார்த்ததும் கார்பனைத் திட்ட வாயெடுத்தாள். பிறகு அவன் கையிலிருந்த வாளியை வாங்குவதே முக்கியம் என்று வாங்கிக்கொண்டாள். மீன் மணலில் இறங்கி, மூடிப்போன வளைவாசலுக்கு நேரே போய் நின்றது. வேறெங்கும் சுற்றிப் பார்க்கவில்லை. அரை மணி நேரம் ஆயிற்று. மண் லேசாக அசைந்தது. ஒரு மீசை வந்தது. மீனைத் தொட்டது, இழுத்துக்கொண்டது. மறுபடி தொட்டது. இந்தமுறை எடுக்கவில்லை. பிறகு மூன்று வாரத்து மண்ணை இறால் ஒரே காலையில் வெளியே தள்ளத் தொடங்கியது. மச்சினி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஈரம் முழங்கை வரை வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை, இது என் வாழ்க்கையில் ஒரு சாதனை.

சந்தோஷம் மதியம் வரைதான். நிமிஷம் பார்க்க வந்தார். அவர் படியிறங்கும்போதே மீன் வாலை உதறி உள்ளே பாய்ந்துவிட்டது. மூன்று வாரம், ஒரு நாளைக்கு இருபது தடவை அந்த டக் டக்குக்கே பயந்து பழகிய மீன். அவர் தொட்டி முன் பத்து நிமிடம் நின்றார். கடிகாரத்தில் அளந்தே நின்றார். மணல்.

“எங்க வேல?”

“நீங்க வர்ற வரைக்கும் நடந்துச்சு சார். அது உங்க ஷூ சத்தத்துக்குப் பயப்படுது. கொஞ்சம் கழட்டிட்டு வந்தீங்கன்னா...”

செத்த மீன் எப்படித் திரும்பி வந்தது என்று அவர் கேட்கவில்லை; அவர் கணக்கில் மீன் ஏற்கெனவே பூஜ்யம்தான்.

“ஒரு மீனுக்காக நிர்வாகி ஷூவக் கழட்டணுமா?”

“ஷூவக் கழட்டணுமா?” என்றான் கார்பன், மச்சினியின் முகத்தைப் பார்க்காமல்.

“நாளன்னிக்குக் குழுவோட நானே வருவேன். அப்ப நடக்கணும்.”

இருபத்தோராம் தேதி வந்தார்கள். ஐந்து பேர். தலைவி வெள்ளைத் தலை, கையில் தடி, பேச்சில் அவசரமே இல்லாத அம்மாள். வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையின்பேரில் நான் பெஞ்சில் உட்கார அனுமதிக்கப்பட்டிருந்தேன். களவாவின் வாய்க்குள் துப்புரவு மீன் போய்வந்ததைப் பார்த்துத் தலைவி தன் பல்மருத்துவரைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு ஐந்தாம் தொட்டி. மணல்.

நிமிஷம் முன்னால் வந்து நின்றார். “இதத்தான் மேடம் அறிக்கைல சொல்லியிருக்கேன். கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு வேலையும் இங்க நடக்கல.”

“இதுல என்னம்மா இருக்கு?” என்று தலைவி மச்சினியைக் கேட்டார்.

“ரெண்டு பேர் இருக்காங்க மேடம். இப்ப வெளிய வரமாட்டாங்க.”

“ஏன்?”

மச்சினி தன் ஈரக் கைகளைப் பார்த்தாள். நிமிஷத்தைப் பார்த்தாள். பொய் சொன்னால் பிழைக்கலாம் என்றால் நானே நாற்பது பொய் எடுத்துக் கொடுத்திருப்பேன். ஆனால் மணல் முன்னால் எந்தப் பொய்யும் எடுபடாது.

“சார் இங்க நிக்கற வரைக்கும் வராதுங்க” என்றாள்.

நிமிஷம் சிரிக்க முயன்றார். “மேடம், இவங்க என்ன சொல்றாங்கன்னா...”

“சோதிச்சுப் பாத்துடலாமே” என்றார் தலைவி. “நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க.”

“நானா?”

“நானா?” என்றான் கார்பன் பழக்கதோஷத்தில்.

“ரெண்டு பேரும்.”

டக், டக் என்று சத்தம் நடைபாதையின் கோடி வரை போய் நின்றது. தலைவி நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்தார். மச்சினியின் உதடுகள் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. எனக்குத் தொண்டையில் ஓர் இருமல் வந்து முட்டியது; அதை எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

வளையிலிருந்து முதலில் மீனின் முகம் வந்தது. இடமும் வலமும் கண்ணை உருட்டியது. வெளியே வந்து நின்றது. பின்னாலேயே மீசை வந்து அதன் மேல் படிந்தது. அப்புறம், தன்னைவிடப் பெரிய மண்பாரத்தைத் தள்ளிக்கொண்டு இறால்.

ஐந்து பேரும் கண்ணாடியை நோக்கிக் குனிந்தார்கள். இறால் கொட்டிவிட்டுத் திரும்பியது, மறுபடி வந்தது. ஆறேழு நடை ஆன பிறகு தலைவி மெதுவாகக் கேட்டார்.

“அந்த மீன் என்னம்மா பண்ணுது?”

“நிக்குது மேடம்.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அது நிக்கறதாலதான் இது வேல செய்யுது.”

தலைவி பக்கத்தில் இருந்தவரிடம், “இந்தக் கூடம் இப்படியே இருக்கும்னு எழுதிக்கோங்க. இந்தம்மாவும் இங்கயே” என்றார். ஒரு நொடி யோசித்து, “பொம்மைக் கடைக்கு நிர்வாகியோட அறை போதுமான்னு மட்டும் அளந்து பாத்துடுங்க” என்றார்.

மச்சினி சுவரில் சாய்ந்துகொண்டாள். கதவு ஒரு சாண் திறந்து கார்பனின் தலை மட்டும் உள்ளே வந்தது. செருப்பைக் கழற்றி ஒரு கையில் வைத்திருந்தான்.

“மேடம், சார் உள்ள வரலாமான்னு கேக்கறார்.”

தலைவி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இன்னும் மண்ணு நிறைய இருக்கு” என்றார். “கதவச் சாத்திட்டுப் போங்க.”